மறைச்சொல்லை மாற்றலாம், கருவிழியை மாற்ற முடியுமா?

உங்கள் வகுப்புத் தோழர்களில் சிலருக்கு அந்தக் கடிதம் ஏற்கெனவே வந்திருக்கும். 15 வயதானதும் அடையாள அட்டைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் அனுப்பும் கடிதம் அது. புகைப்படம், விரல்ரேகை ஆகியவற்றோடு 2017 ஜனவரி 1ஆம் தேதி முதல் கருவிழியும் பதிவு செய்யப்படுகிறது. ஒரு கருவியை நேராகப் பார்க்கிறீர்கள். சற்று நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. சாங்கி விமான நிலையத்தில் சிங்கப்பூர்வாசிகள் 2024 முதல் கடப்பிதழை நீட்டாமலேயே குடிநுழைவைக் கடந்து செல்கிறார்களே, அதற்கு முகத்தோடு கருவிழியும் கைகொடுக்கிறது.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்ணைக் காட்டியதும் "இவர் இன்னார்" என்று ஒரு கணினி சொல்கிறது என்றால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதனிடம் ஏற்கெனவே ஏதோ ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? சேமித்து வைக்கப்பட்டிருக்கும் அந்த 'ஏதோ ஒன்று' என்ன? அது திருடு போனால் என்ன ஆகும்? உலகில் எந்தக் கருவிழி அடையாள முறைக்கும் பொருந்தும் இந்தக் கேள்விதான் இந்த வாரக் கட்டுரை.

68 டாலர் பெட்டி

2022ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் 'இபே' இணையத்தளத்தில் பழைய கருவி ஒன்றை 68 அமெரிக்க டாலருக்கு வாங்கினார்கள். காலணிப் பெட்டி அளவு இருந்த அந்தக் கருவி, ஒரு காலத்தில் அமெரிக்க ராணுவம் விரல்ரேகையையும் கருவிழியையும் பதிவு செய்யப் பயன்படுத்தியது. கடைசியாக அது 2012இல் ஆப்கானிஸ்தானின் காந்தஹார் அருகே பயன்பட்டிருந்தது.

பெட்டிக்குள் இருந்த நினைவக அட்டையைப் படித்துப் பார்த்தபோது ஆய்வாளர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2,632 பேரின் பெயர், நாடு, புகைப்படம், விரல்ரேகை, கருவிழிப் படம் எல்லாம் எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே கிடந்தன. அவர்களில் தேடப்பட்ட குற்றவாளிகளும் இருந்தார்கள். அமெரிக்கப் படையிடம் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். சோதனைச் சாவடியில் தற்செயலாக நிறுத்தப்பட்ட சாதாரண மக்களும் இருந்தார்கள்.

2021இல் ஆப்கானிஸ்தானில் ஆட்சி மாறி, தலிபான் மீண்டும் அதிகாரத்துக்கு வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவர் பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம், தாடி வளர்க்கலாம். கண்ணை என்ன செய்வார்? ஏலத்தில் போன அந்தப் பெட்டி ஆய்வாளர்கள் கையில் சிக்கியது நல்ல வேளை.

பதினெட்டு ஆண்டு கழித்தும் அதே கண்

கருவிழியின் வலிமை என்ன என்பதையும் ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த ஒருவரின் கண்தான் உலகுக்குக் காட்டியது. 1984இல் பாகிஸ்தானில் இருந்த அகதிகள் முகாம் ஒன்றில் ஸ்டீவ் மெக்கரி என்ற புகைப்படக் கலைஞர் பச்சைக் கண் சிறுமி ஒருத்தியைப் படம் எடுத்தார். மறு ஆண்டு 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழின் அட்டையில் அந்தப் படம் வந்தது. சிறுமியின் பெயர்கூட அப்போது யாருக்கும் தெரியாது. 2002இல் அவரைத் தேடிச் சென்றவர்கள் ஷர்பத் குலா என்ற பெண்ணைக் கண்டுபிடித்தார்கள். முகம் முற்றிலும் மாறியிருந்தது. இவர்தானா அவர்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டாக்மன் பழைய படத்தில் இருந்த கருவிழிகளையும் புதிய படத்தில் இருந்த கருவிழிகளையும் கணினியில் ஒப்பிட்டார். இரண்டும் ஒரே பெண்ணின் கண்கள்தான் என்று முடிவு வந்தது. இன்று உலகெங்கும் உள்ள கருவிழி அடையாள முறைகளுக்கு அடித்தளம் போட்டவர் இந்த டாக்மன்தான்.

கண்ணாடி முன் நின்று உங்கள் கண்ணைப் பாருங்கள். நட்டநடுவில் இருக்கும் கறுப்புத் துளை கண்பாவை. அதைச் சுற்றியுள்ள நிற வளையம்தான் கருவிழி. அதன் விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். வெளிச்சம் கூடினால் கண்பாவையைச் சுருக்குவதும் குறைந்தால் விரிப்பதும் இந்த வளையத்தில் உள்ள தசைகளின் வேலை. அந்தத் தசை நார்கள், பள்ளங்கள், வரிகள் எல்லாம் தாயின் வயிற்றில் மூன்றாவது மாதம் உருவாகத் தொடங்கி எட்டாவது மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. அவை எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதைப் பெரும்பாலும் தற்செயலே முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரே மரபணு கொண்ட இரட்டையரின் கருவிழிகள்கூட வேறுபடுகின்றன. அவ்வளவு ஏன், உங்கள் இடக்கண்ணும் வலக்கண்ணும் ஒன்றல்ல.

நம்மில் பெரும்பாலோருக்கு அடர்பழுப்புக் கண். சாதாரணப் புகைப்படத்தில் அதன் வரிகள் தெரியவே தெரியாது. அதனால் கருவிழிக் கருவிகள் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியைப் பயன்படுத்துகின்றன. பழுப்பு நிறத்தைத் தரும் மெலனின் அந்த ஒளியை அதிகம் உறிஞ்சுவதில்லை. அடியில் இருக்கும் வரிகள் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கண்ணிலிருந்து 2,048 பிட்

எடுத்த படத்தைக் கணினி அப்படியே ஒப்பிடுவதில்லை. வட்டமான கருவிழியை வெட்டி நீட்டி ஒரு செவ்வகப் பட்டையாக ஆக்குகிறது. ரப்பர் துண்டை இழுப்பது போன்ற கணக்கு இது. கண்பாவை பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் பட்டையின் அளவு மாறாது. பிறகு பட்டையின் ஒவ்வொரு பகுதியிலும் வெளிச்சமும் நிழலும் எப்படி மாறி மாறி வருகின்றன என்று அளந்து, விடையை 0 அல்லது 1 என்று எழுதிக்கொள்கிறது. டாக்மனின் முறையில் இப்படி 2,048 பிட் கிடைக்கும். வெறும் 256 பைட். நீங்கள் நண்பருக்கு அனுப்பும் ஒரு செல்ஃபிப் படம் இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது.

இரண்டு கண்களை ஒப்பிடுவதும் எளிது. இரண்டு குறியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை இடங்களில் 0, 1 வேறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். நீங்களும் உங்கள் நண்பரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து 2,048 முறை பூவா தலையா போட்டு எழுதிக்கொண்டால், இரண்டு பட்டியல்களும் ஏறத்தாழ பாதி இடங்களில் வேறுபடும். இரண்டு வெவ்வேறு மனிதர்களின் கருவிழிகளும் அப்படித்தான். வேறுபாடு 50 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஒரே கண்ணை இரண்டு முறை படம் எடுத்தால் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு பிட்டுகள் வேறுபடும். ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வேறுபட்டால் "ஒரே ஆள்" என்று முடிவு செய்வது வழக்கம்.

இங்கே ஒரு நுணுக்கம். பக்கத்துப் பக்கத்துப் பிட்டுகளுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு. ஒரு வரி ஓரிடத்தில் தொடங்கினால் அடுத்த இடத்திலும் அது தொடரத்தானே செய்யும்? எனவே 2,048 பிட்டுகளும் 2,048 தனித்தனி நாணயங்கள் ஆகா. ஏறக்குறைய 249 நாணயங்களைச் சுண்டியதற்குத்தான் அது சமம் என்று டாக்மன் கணக்கிட்டார். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே கண் ஏன் இரண்டு முறை ஒரே குறியீட்டைத் தருவதில்லை என்று கேட்கிறீர்களா? இமைமுடி ஓரிடத்தை மறைக்கும். கண்ணில் விளக்கின் பளபளப்பு விழும். தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். கண் இமைக்கும். மனிதக் கண் மாறுவதில்லை. அதைப் படம் எடுக்கும் தருணம் மாறுகிறது. சிறிய விஷயம் போலத் தோன்றும் இதுதான் பாதுகாப்பு ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

அரைத்த மாவு

மறைச்சொற்களை நல்ல நிறுவனங்கள் எப்படிச் சேமிக்கின்றன தெரியுமா? உங்கள் மறைச்சொல்லை அவை சேமிப்பதே இல்லை. அதை 'ஹேஷ்' என்ற கணக்கில் போட்டு அரைத்து, வரும் விடையை மட்டும் வைத்துக்கொள்கின்றன. தோசைக்கு அரைத்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் இந்தக் கணக்கில், அதே பொருளை மறுபடி அரைத்தால் அச்சு அசலாக அதே மாவு வரும். அடுத்த முறை நீங்கள் மறைச்சொல்லைத் தட்டும்போது கணினி அதை அரைத்துப் பார்த்து, இரண்டு மாவும் ஒன்றா என்று சரிபார்க்கிறது. ஊடுருவிக்குக் கிடைப்பது மாவு மட்டுமே. கிடைத்துவிட்டால்கூட நீங்கள் மறைச்சொல்லை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

கருவிழிக் குறியீட்டையும் இப்படி அரைத்து வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். நல்ல ஹேஷ் கணக்குக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போடுவதில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வெளியே வருவது தலைகீழாக மாறிவிடும்; விடையில் ஏறக்குறைய பாதிப் பிட்டுகள் புரண்டுவிடும். மறைச்சொல்லுக்கு அது நல்லது. கருவிழிக்கோ ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான பிட் மாறுகிறது. நேற்று அரைத்த மாவுக்கும் இன்று அரைத்த மாவுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. உங்கள் சொந்தக் கண்ணுக்கே கதவு திறக்காது.

சரி, குறியீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால்? அதாவது, சாவி இருந்தால் மட்டுமே படிக்கக்கூடிய மறையாக்கம் செய்தால்? கண்டிப்பாகச் செய்ய வேண்டும்; அந்த 68 டாலர் பெட்டியில் அதுகூட இல்லை. ஆனால் அது மட்டும் போதாது. ஒவ்வொரு முறை ஒருவர் கண்ணைக் காட்டும்போதும் பெட்டியைத் திறந்தால்தான் ஒப்பிட முடியும். ஆக, சாவி எப்போதும் அந்தக் கணினியின் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும். உள்ளே புகுந்த திருடன் சாவியையும் சேர்த்தே எடுத்துப் போவான்.

"போனால் போகட்டும், அது வெறும் 0, 1தானே? அதிலிருந்து கண்ணை வரைய முடியாதே" என்று பல காலம் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2012இல் மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் ஹவியர் கல்பாலியும் அவருடைய குழுவினரும் அந்த நினைப்பை உடைத்தார்கள். அவர்கள் கணினியில் சில போலிக் கருவிழிப் படங்களை உருவாக்கினார்கள். திருடிய குறியீட்டோடு எவை கொஞ்சம் ஒத்துப்போகின்றன என்று பார்த்து, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கலந்தார்கள்; சிறிது மாற்றினார்கள்; மறுபடி பார்த்தார்கள். உயிரியல் பாடத்தில் இயற்கைத் தேர்வு படித்திருப்பீர்கள், அதே தத்துவம். பல தலைமுறைகளுக்குப் பிறகு வந்த படங்கள், சந்தையில் விற்கப்பட்ட ஒரு கருவிழி அடையாள மென்பொருளைப் பெரும்பாலான நேரங்களில் ஏமாற்றின. ஆகவே குறியீடு திருடு போவதும் கண் திருடு போவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2017இல் ஜெர்மனியின் 'கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்' என்ற அமைப்பு, சாம்சுங் கேலக்சி எஸ்8 கைப்பேசியின் கருவிழிப் பூட்டை ஏமாற்றிக் காட்டியது. இரவு நேரப் படம் எடுக்கும் கேமராவில் ஒருவரின் கண்ணைப் படம் பிடித்து, லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்டு, மேலே ஒரு கான்டாக்ட் லென்சை வைத்தார்கள், கைப்பேசி திறந்துகொண்டது. அது வாசலில் நடக்கும் ஏமாற்று. அதில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் அகப்படும். நாம் பேசுவது சேமிப்புக் கிடங்கைப் பற்றி. அங்கே ஒரே இரவில் பல மில்லியன் பேரின் பதிவுகள் போய்விடும். அமெரிக்க அரசாங்க ஊழியர் நிர்வாக அலுவலகத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் 5.6 மில்லியன் பேரின் விரல்ரேகைகளைக் கொண்டுபோனது 2015இல் தெரியவந்தது. அத்தனை பேரும் புது விரல் வாங்கிக்கொள்ள முடியாது.

பிழை திருத்தும் பூட்டு

அப்படியானால் வேண்டியது என்ன? கண்ணைச் சேமிக்கக் கூடாது. ஆனால் சரியான கண் வந்தால், அது கொஞ்சம் மாறி வந்தாலும் திறக்க வேண்டும். முரண்பாடு போலத் தோன்றும் இந்தக் கணக்குக்கு 1999இல் ஆரி ஜூவல்சும் மார்ட்டின் வாட்டன்பர்க்கும் ஒரு வழி சொன்னார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே செய்து பார்ப்போம்.

உங்கள் கருவிழிக் குறியீட்டில் 10 பிட் மட்டும் எடுத்துக்கொள்வோம்:

10110 01101

இப்போது கணினி தன் விருப்பப்படி ஒரு ரகசிய எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. அது 1 0 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணுக்கும் உங்கள் கண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதன் ஒவ்வோர் இலக்கத்தையும் ஐந்து முறை எழுதுகிறது:

11111 00000

இரண்டு வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடத்தில் 0, வேறாக இருக்கும் இடத்தில் 1 என்று எழுதுங்கள். கணினிப் பாடம் எடுப்பவர்கள் இதை 'எக்ஸ்-ஆர்' என்று அறிவார்கள். கிடைப்பது:

01001 01101

கணினி சேமிப்பது இந்தக் கலவையை மட்டும். கூடவே அந்த ரகசிய எண்ணை ஹேஷில் அரைத்த மாவையும் வைத்துக்கொள்கிறது. கண்ணும் சேமிக்கப்படவில்லை, ரகசிய எண்ணும் சேமிக்கப்படவில்லை.

மறுநாள் நீங்கள் வருகிறீர்கள். ஒரு இமைமுடி குறுக்கே விழுந்ததால் குறியீடு கொஞ்சம் மாறி 10100 01111 என்று வருகிறது. நான்காவது பிட்டும் ஒன்பதாவது பிட்டும் தப்பு. பரவாயில்லை. இதைச் சேமித்த கலவையோடு அதே முறையில் ஒப்பிடுங்கள். விடை 11101 00010. முதல் ஐந்தில் 1 அதிகம், எனவே 1. அடுத்த ஐந்தில் 0 அதிகம், எனவே 0. ரகசிய எண் 1 0 திரும்பக் கிடைத்துவிட்டது! அதை அரைத்துப் பார்த்தால் மாவு ஒத்துப்போகும், கதவு திறக்கும். மாறிக்கொண்டே இருக்கும் கண்ணிலிருந்து மாறாத ஓர் எண் கிடைத்துவிட்டதால், நேற்று பயன்படாத ஹேஷ் இன்று பயன்படுகிறது.

வேறொருவர் வந்து 01011 10101 என்ற கண்ணைக் காட்டட்டும். கலவையோடு ஒப்பிட்டால் 00010 11000. பெரும்பான்மையைப் பார்த்தால் 0 0. மாவு ஒத்துப்போகாது. கதவு திறக்காது.

கூர்மையாகப் பார்த்தவர்கள் ஒரு குறையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். சேமித்த கலவையின் இரண்டாம் பகுதி 01101, உங்கள் கண்ணின் இரண்டாம் பகுதியேதான்! முதல் பகுதி, கண்ணைத் தலைகீழாக்கியது. ஆக ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டே வாய்ப்புகள். இரண்டு பகுதி மட்டும் இருக்கும் நம் விளையாட்டில் திருடனுக்கு நான்கு முயற்சி போதும். உண்மையான பூட்டுக்கு ரகசிய எண் நீளமாக இருக்க வேண்டும். வெறுமனே ஐந்து முறை எழுதுவதைவிடத் திறமையான பிழைதிருத்தக் குறியீடும் வேண்டும்.

2006இல் கேம்பிரிட்ஜில் ஃபெங் ஹாவ், ரோஸ் ஆண்டர்சன், டாக்மன் மூவரும் அதைச் செய்து காட்டினார்கள். 2,048 பிட்டுகளை 64 பிட் கொண்ட 32 துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் பிழைகளை ஒரு குறியீடு திருத்தும். இமைமுடி ஒரு முழுத் துண்டையே மறைத்துவிட்டால் அதைத் திருத்துவது 'ரீட்-சாலமன்' என்ற இன்னொரு குறியீடு. இந்த ரீட்-சாலமன் உங்களுக்குப் புதியவர் அல்லர். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டின் ஓரம் கிழிந்திருந்தாலும் கைப்பேசி படித்துவிடுகிறதே, அது இவர் வேலைதான்.

அவர்களுக்கு 140 பிட் நீள ரகசிய எண் கிடைத்தது. 70 கண்களின் 700 படங்களில் சோதித்தபோது உரிமையாளரின் கண்ணை 99.5 விழுக்காடு முறை சரியாகத் திறந்தது. 140 பிட் என்றால் 43 இலக்க எண் அளவுக்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது நடக்காத காரியம்.

ஆனால் அவர்களே தங்கள் கட்டுரையில் ஓர் எச்சரிக்கையும் எழுதினார்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன 249 இங்கே வருகிறது. கண்ணில் இருக்கும் உண்மையான தற்செயல் 249 நாணயம் அளவுதான். அதிலும் கால் பங்குக்கு மேல் பிழையை நாம் மன்னிக்கிறோம். பிட்டுகளுக்கு இடையிலான தொடர்பு முழுவதும் தெரிந்த, மிகவும் கெட்டிக்காரத் திருடன் ஒருவன் இருந்தால், அவனுக்கு 2இன் 44ஆம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 17.6 டிரில்லியன் முயற்சிகள் போதும். விநாடிக்கு ஒரு பில்லியன் முயற்சி செய்யும் கணினிக்கு அது ஐந்து மணி நேர வேலைகூட இல்லை. அதனால்தான் கலவையை ஒரு மையக் கணினியில் குவித்து வைக்காமல் உரிமையாளரின் அட்டையிலேயே வைக்கலாம், கூடவே ஒரு மறைச்சொல்லையும் சேர்க்கலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். தன் கண்டுபிடிப்பின் பலவீனத்தைத் தானே எழுதும் ஆய்வுக் கட்டுரைகளை நான் கூடுதலாக நம்புவேன்.

கண்ணுக்கு ஒரு புது முகம்

இன்னொரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஒரே கண்ணை நீங்கள் ஓர் உடற்பயிற்சிக் கூடத்திலும் ஓர் அலுவலகத்திலும் பதிவு செய்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டும் மேலே சொன்ன பூட்டைப் பயன்படுத்துகின்றன. ஒருவன் இரண்டு கலவைகளையும் எடுத்து எக்ஸ்-ஆர் செய்தால், இரண்டிலும் பொதுவாக இருக்கும் கண் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது 11111, 00000 போன்ற ஒழுங்கான வரிசை, நடுவே சில பிழைகளோடு. வெவ்வேறு ஆட்களின் கண் என்றால் இந்த ஒழுங்கு வராது. உங்கள் கண் என்ன என்று அவனுக்குத் தெரியாவிட்டாலும், "இங்கே வருபவரும் அங்கே வருபவரும் ஒரே ஆள்" என்று தெரிந்துவிடும். காந்தஹார் மொழிபெயர்ப்பாளரை நினைத்துப் பாருங்கள். அவரைக் காட்டிக்கொடுக்க அது ஒன்றே போதும்.

பயோமெட்ரிக் தகவல் பாதுகாப்புக்கான அனைத்துலகத் தர விதிமுறையான ஐஎஸ்ஓ 24745 இதனால்தான் மூன்று குணங்களைக் கேட்கிறது. சேமித்ததிலிருந்து அசல் கண்ணை மீட்கக் கூடாது. இரண்டு இடப் பதிவுகளை முடிச்சுப் போடக் கூடாது. திருடு போனால் ரத்து செய்துவிட்டு, அதே கண்ணிலிருந்து புதிய பதிவு ஒன்றை உருவாக்க முடிய வேண்டும்.

ரத்து செய்யக்கூடிய பயோமெட்ரிக் என்ற யோசனையை 2001இல் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்கள் நளினி ராத்தா, ஜோனதன் கோனெல், ரூட் போல் ஆகியோர் முன்வைத்தனர். கண்ணை வேண்டுமென்றே ஒரு குறிப்பிட்ட விதத்தில் சிதைத்து, சிதைந்த வடிவத்தை மட்டும் பதிவு செய்வது. திருடு போனால் வேறு விதமாகச் சிதைப்பது.

இந்தத் துறையில் நம் வட்டாரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மலாக்காவில் உள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ தியோவும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட 'பயோஹேஷிங்' முறை உலகெங்கும் பேசப்பட்டது. ஓர் அட்டையில் உள்ள தற்செயல் எண்ணை விரல்ரேகையோடு கலப்பது அதன் அடிப்படை. முடிவுகள் நம்ப முடியாத அளவுக்குத் துல்லியமாக இருந்தன. இரண்டு ஆண்டு கழித்து வேறு ஆய்வாளர்கள் கேட்டார்கள்: அட்டையே திருடு போனால்? அந்தத் துல்லியத்தில் பெரும்பகுதி அட்டையிலிருந்து வந்தது, விரலிலிருந்து அல்ல என்று தெரிந்தது.

2017இல் மலேசியாவின் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தியோவையும் சேர்த்துக்கொண்டு, கருவிழிக்கென்றே ஒரு முறையை வெளியிட்டார்கள். அதன் சாரத்தை நம் பழைய 10 பிட்டிலேயே பார்க்கலாம். சீட்டுக்கட்டைக் கலைப்பது போலப் பிட்டுகளின் வரிசையைக் கலையுங்கள். முதலில் ஐந்தாவது பிட், பிறகு இரண்டாவது, ஆறாவது, எட்டாவது என்று எடுத்தால் 0, 0, 0, 1. முதல் 1 நான்காவது இடத்தில் வந்தது. அந்த '4' மட்டும் பதிவு. மற்றதெல்லாம் குப்பைக்கு.

இமைமுடி விழுந்த மறுநாள் குறியீட்டிலும் இதே வரிசையில் எடுத்துப் பாருங்கள், 4தான் வரும். அந்நியரின் கண்ணில் 1 வரும். உண்மையில் இதுபோல நூற்றுக்கணக்கான கலைப்புகள் செய்து, எத்தனை எண்கள் ஒத்துப்போகின்றன என்று எண்ணுகிறார்கள். முதல் 1க்குப் பிறகு என்ன இருந்தது என்று பதிவில் எந்தத் தடயமும் இல்லை. பதிவு திருடு போனால் சீட்டைக் கலைக்கும் விதத்தை மாற்றினால் போதும்; அதே கண், ஆனால் முற்றிலும் வேறு எண்கள்.

இதுவும் உடைக்கவே முடியாத பூட்டு என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஒருவர் பூட்டு செய்வதும் இன்னொருவர் கள்ளச்சாவி போட்டுப் பார்ப்பதும்தான் இந்தத் துறையின் அன்றாட வேலை. கள்ளச்சாவி போடுபவருக்கும் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். கணக்கிலும் கணினியிலும் ஆர்வம் இருந்தால் அது உங்களுக்கும் ஏற்ற வேலையாக இருக்கலாம்.

கையில் இன்னும் தாளும் பேனாவும் இருக்கிறதா? 10110 01101 என்ற கண்ணின் முதல் ஐந்து பிட்டுகளில் இரண்டை மாற்றிவிட்டு, 01001 01101 என்ற கலவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூட்டு திறக்கும். இப்போது மூன்றை மாற்றுங்கள், திறக்காது. ஐந்துக்குப் பதில் ஏழு முறை எழுதினால் எத்தனை பிழை வரை தாங்கும்? அப்படித் தாங்கும் பூட்டு, அந்நியரின் கண்ணுக்கும் தவறித் திறந்துவிடும் வாய்ப்பு கூடுமா, குறையுமா? நண்பர் ஒருவரோடு பூவா தலையா போட்டுச் சில நூறு முறை சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.